சமவெளியில் சில தீவுகள்

வட அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே, டென்மார்க் அரசுக்கு உட்பட்ட ஃபாரோ தீவுகள் என்ற பதினெட்டுத் தீவுகள் இருக்கின்றன. 1846ஆம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்து, அத்தீவுகளின் தலைநகரமாகிய டோர்ஸ்ஹவ்னில் இறங்கிய ஒரு தச்சர், சில தினங்களுக்கெல்லாம் தட்டம்மை கண்டு படுத்தார். அதற்கு முன் அந்த வியாதி அங்கே தலைகாட்டியது 1781இல். ஆகையால், இடைப்பட்ட அறுபத்தைந்து வருஷங்களில் பிறந்து வளர்ந்து, மணம் முடித்து, பேரன் பேத்தி எடுத்தவர்களுங்கூட அதை ஒருமுறையும் அனுபவித்ததில்லை. அதன் பலனாக, 7,782 பேர் கொண்ட அந்தச் சிறு சமுதாயத்தில் ஏறக்குறைய 6,000 பேர் அந்த ஒரே வருஷத்துக்குள் நோய்வாய்ப்பட்டார்கள். தட்டம்மை குழந்தைகளுக்கு வரும் நோய் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வது எவ்வளவு மேலோட்டமான பேச்சு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. முன்பு வந்திராத எவருக்கும் அது வரும், மற்ற ஊர்களில் குழந்தைப் பருவத்திலேயே எல்லோருக்கும் வந்துவிடுவதால் அது குழந்தைகளின் நோய் போலத் தோற்றமளித்தது, அவ்வளவே.

இதை ஆராய்ந்துவர டேனிஷ் சர்க்கார் அனுப்பிய வைத்தியர்களுள் ஒருவர் பேட்டர் லுட்விக் பானும் என்ற இருபத்தைந்து வயது இளைஞர். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை அக்காலத்தில் இன்னும் நிலைபெறவில்லை. வைரஸ் என்று நாம் இன்று சொல்லும் வஸ்துவைக் கண்ணால் காணும் கருவியோ கற்பனை செய்யும் சாஸ்திரமோ கிடையாது. அவருக்கு வாய்த்த ஆய்வுக்கூடம், படகேறிக் கிராமம் கிராமமாகப் போய், யார் எந்தத் தேதியில் யாரைச் சந்தித்தார்கள் என்று விசாரிக்கும் பொறுமை ஒன்றுதான். ஜூன் மாதம் 4ஆம் தேதி வெஸ்ட்மன்னா என்ற ஊரில் நடந்த திமிங்கில வேட்டைக்கு, ட்யோர்னுவிக் கிராமத்திலிருந்து ஒரு படகில் பத்துப் பேர் போயிருந்தார்கள். ஜூன் 18ஆம் தேதி அந்தப் பத்துப் பேருக்கும் ஒருசேர உடம்பில் தடிப்புக் கண்டது. தொற்றிய நாளுக்கும் தடிப்புத் தோன்றும் நாளுக்கும் இடையே ஏறக்குறைய பதினான்கு தினங்கள் என்று அவர் கணித்த கணக்கை, நூற்றெண்பது வருஷங்களுக்குப் பிறகும் சுகாதார அதிகாரிகள் அப்படியே கையாளுகிறார்கள். 1781இல் நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்ததில், அவர்களில் ஒருவருக்குங்கூட மறுபடி வரவில்லை என்பதையும் அவர் கண்டார். ஒருமுறை வந்தால் ஆயுள் முழுவதும் காப்பு உண்டு என்ற உண்மை இவ்வாறு திமிங்கிலம் பிடிப்பவர்களின் வாய்மொழியாலும் கிழவர் கிழவிகளின் ஞாபகத்தாலும் நிறுவப்பட்டது.

ஃபாரோ தீவுகளில் அந்த வியாதி நிரந்தரமாகக் குடியேறவில்லை. எரிவதற்கு உரியவர்கள் தீர்ந்தவுடன் அது தானே மாய்ந்தது. தட்டம்மை ஓரிடத்தில் இடைவிடாமல் நிலைத்திருக்க வேண்டுமானால், ஓயாமல் புதிய குழந்தைகள் பிறந்துகொண்டிருக்கும் பெரிய ஜனத்தொகை அதற்கு அவசியம். 1950களில் பார்ட்லெட் என்ற ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் நகரங்களின் கணக்குகளை எடுத்துப் பார்த்து, அந்த எல்லை சுமார் இரண்டரை லட்சம் முதல் மூன்று லட்சம் பேர் என்று மதிப்பிட்டார். அதற்குக் குறைந்த ஊர் எதுவாயினும், நாற்புறமும் நிலம் சூழ்ந்திருந்தாலும், தட்டம்மையின் கணக்கில் அது தீவுதான்: வெளியிலிருந்து ஒருவன் கொண்டுவந்தால் பற்றும், உள்ளே இருப்பவர்களைத் தீர்த்துவிட்டு அணையும், பிறகு அடுத்த கப்பல் வரும்வரை மறந்திருக்கும். 1963இல் தடுப்பூசி வந்து, பெரிய நகரங்களையெல்லாம் அந்த நோய்க்கு இடங்கொடாதவை ஆக்கிய தேசங்களில் மிஞ்சியவை பெரும்பாலும் இத்தகைய தீவுகளே. தேசத்துக்குத் தேசம் சுகாதார மந்திரிகள் அறிவிக்கும் சராசரி விகிதங்கள் இந்தத் தீவுகளைக் காட்டுவதில்லை என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

சராசரி ஏன் ஏமாற்றுகிறது என்று அறிவதற்கு முன், நோயின் வேகத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மணல்வாரி என்றும் நம்மவர் சொல்லும் இந்தத் தட்டம்மை காற்றில் பரவுகிறது. நோயாளி இருமிவிட்டு எழுந்து போன அறையில் இரண்டு மணி நேரம் வரையில் அதன் வைரஸ் தங்கியிருக்கக்கூடும். காப்பு இல்லாதவர்கள் பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்குத் தொற்றும். போதாததற்கு, தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே அவர் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். அந்த நான்கு நாட்களில் தாய்க்குத் தெரிவதெல்லாம் ஜலதோஷமும் காய்ச்சலும் கண் சிவப்பும் மாத்திரமே. ஒருவருக்கும் காப்பு இல்லாத சமூகத்தில் ஒரு நோயாளி பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைக் கொடுப்பார் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. மனிதரிடையே பரவும் நோய்களில் இவ்வளவு சுறுசுறுப்பு வேறு எதற்கும் அநேகமாக இல்லை.

பதினைந்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோயாளி ஒருவருக்குக் குறைவாகவே கொடுத்தால் வியாதி தேய்ந்து மறையும். ஒருவருக்கு மேல் கொடுத்தால் வளரும். எனவே பதினைந்து பேரில் பதினான்கு பேருக்குக் காப்பு இருந்தாக வேண்டும்; அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. பதினெட்டு என்று கொண்டால் தொண்ணூற்று நான்குக்கு மேல் போகிறது. நூற்றுக்கு 95 குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று உலகெங்கும் சொல்லப்படும் இலக்கு இப்படிப் பிறந்ததுதான். ஆனால் அதிலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு தவணை போட்டுக்கொண்டவர்களிலும் நூற்றுக்கு மூவருக்குக் காப்பு உண்டாவதில்லை. ஆகவே 95 பேர் போட்டுக்கொண்ட பள்ளியில் போடாத ஐவரோடு இந்த மூவரையும் கூட்டினால் எட்டுப் பேர் திறந்த வாசலோடு நிற்கிறார்கள். பன்னிரண்டால் பெருக்கினால் ஒன்றுக்குச் சற்றுக் கீழே. பதினெட்டால் பெருக்கினால் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. 95 என்பது தாராளமாகக் கட்டிய கோட்டை என்று எண்ணுகிறவர்கள் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும். அது மதிலின் விளிம்பு.

இனிச் சராசரியைப் பார்ப்போம். ஒரு ஜில்லாவில் இருபது பள்ளிகள், பள்ளிக்கு நூறு குழந்தைகள், ஆகமொத்தம் 2,000 பேர். அவர்களில் 100 பேருக்குத் தடுப்பூசி இல்லை என்று கொள்வோம். பள்ளிக்கு ஐவராக அந்த நூறு பேரும் சிதறிக் கிடந்தால், எங்கே ஒரு நோயாளி நுழைந்தாலும் வியாதி தடுமாறித் தடுமாறி நின்றுவிடக்கூடும். அதே நூறு பேர் இரண்டே பள்ளிகளில் ஐம்பது ஐம்பதாகக் கூடியிருந்தால், அந்தப் பள்ளிகளில் ஒரு நோயாளி ஏழெட்டுப் பேருக்குக் கொடுப்பார். அந்த ஏழெட்டுப் பேர் இரண்டு வாரத்தில் ஐம்பதையும் எட்டிவிடுவார்கள். இரண்டு நிலையிலும் ஜில்லா அறிக்கையில் அச்சாகும் எண் 95தான். அறிக்கையை வாசிக்கிறவருக்கு இரண்டும் ஒன்று, வைரஸுக்கு அல்ல. நடைமுறையில் குழந்தைகள் ஐவராகச் சிதறிக் கிடப்பது அபூர்வம், கூடிக் கிடப்பதே இயல்பு. ஏனெனில் தடுப்பூசி வேண்டாம் என்ற எண்ணம் காற்றில் பறந்து எங்கோ தனியாக விழுவதில்லை, உறவிலும் கோவிலிலும் அண்டை அயலிலும் வேரோடிப் படர்கிறது. அவ்வாறு ஒத்த எண்ணமுடையவர்களே ஒரே திருமணத்துக்கும் ஒரே பிரார்த்தனைக் கூட்டத்துக்கும் போகிறார்கள்.

அமெரிக்காவின் டெக்ஸஸ் ராஜ்யத்தின் மேற்கு ஓரத்தில், நியூ மெக்ஸிகோ எல்லையைத் தொட்டுக்கொண்டு, பருத்தியும் நிலக்கடலையும் விளைகிற, எண்ணெய்க் கிணறுகள் நிரம்பிய கெயின்ஸ் என்ற கவுண்டி இருக்கிறது. நம்முடைய ஜில்லாவை எண்ணிக்கொண்டு அதைக் கற்பனை செய்துவிடக் கூடாது. ஜனத்தொகை இருபத்து மூவாயிரத்துக்குள்தான். அதன் தலைநகரம் செமினோல். 1970களில் மெக்ஸிகோவிலிருந்து வந்து நிலம் வாங்கிக் குடியேறிய மெனொனைட் கிறிஸ்தவர்கள் அங்கே கணிசமாக வசிக்கிறார்கள். பழைய ஜெர்மானியக் கிளைமொழி ஒன்றைப் பேசுகிற, உழைப்பாளிகளான, தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்து வாழ்கிற ஜனங்கள். அவர்களுடைய சமயக் கொள்கை தடுப்பூசியைத் தடுக்கவில்லை. அரசாங்கத்தையும் ஆஸ்பத்திரியையும் விட்டு ஒதுங்கியே வாழ்ந்த நெடுங்காலப் பழக்கமும், வேண்டாதவர்கள் மனச்சாட்சியைக் காரணம் காட்டி விலக்குப் பெறலாம் என்று 2003 முதல் டெக்ஸஸ் சட்டம் கொடுத்த இசைவும் சேர்ந்துதான் அங்கே தடுப்பூசி போட்டவர்கள் குறைந்த நிலைமை உண்டாயிற்று. 2023-24 பள்ளியாண்டில் டெக்ஸஸ் முழுவதற்கும் பாலர் வகுப்புக் குழந்தைகளில் தடுப்பூசி போட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 94. கெயின்ஸில் சுமார் 82. அதற்குள்ளேயே லூப் என்ற சிறிய பள்ளி நிர்வாகத்தில் 46. மேலே போட்ட கணக்கையே இங்கும் போட்டால், 94 என்ற ராஜ்ய சராசரியின் நிழலுக்குள், ஒரு நோயாளி மூவருக்குக் கொடுக்கும் கவுண்டியும் எட்டுப் பேருக்குக் கொடுக்கும் பள்ளியும் மறைந்திருந்தன என்று தெரியும். பெரியவர்களும் கலந்து வாழும் ஊருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பது வாஸ்தவமே. ஆயினும் திசையைக் காட்ட இது போதும்.

அந்த 82ங்கூட மிகைப்பட்ட எண். பள்ளிக்கூடம் கணக்குக் கொடுப்பது தன் பதிவேட்டில் உள்ள குழந்தைகளுக்கு மட்டுமே. வீட்டிலேயே வைத்துக் கல்வி கற்பிக்கும் வழக்கம் அந்தப் பகுதியில் மிகுதி. அப்படிக் கற்கும் பிள்ளைகளுக்குத் தடுப்பூசிச் சட்டமும் இல்லை, கணக்கெடுப்பும் இல்லை. அதாவது, எந்தக் குழந்தைகளைப் பற்றி முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அந்தக் குழந்தைகள் தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை. புள்ளிவிவரம் சேகரிக்கிறவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பகுதி எண்ணில் விடுபட்டவர் யாவர் என்று கேட்காமல் சதவீதத்தை வாசிக்கிறவர்கள் மீது அவ்வளவு இல்லை.

2025 ஜனவரி மாதக் கடைசியில் கெயின்ஸில் முதல் நோயாளிகள் உறுதிசெய்யப்பட்டனர். பிப்ரவரி முடிவதற்குள், தடுப்பூசி போடாத, பள்ளி வயதுக் குழந்தையொன்று இறந்தது. அந்தத் தேசத்தில் பத்து வருஷங்களாகத் தட்டம்மையால் மரணம் நேர்ந்ததில்லை. ஏப்ரலில் இன்னொரு குழந்தை போயிற்று. ஆகஸ்டு வரையில் டெக்ஸஸில் எண்ணப்பட்ட நோயாளிகள் 762; அவர்களில் 99 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மொத்தத்தில் 414 பேர் அந்த ஒரே கவுண்டியைச் சேர்ந்தவர்கள். ராஜ்யத்தின் ஜனத்தொகையோ மூன்று கோடிக்கு மேல்; அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஓரிடம், பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொடுத்தது.

நோய் அங்கே நிற்கவில்லை. போன வழிதான் கவனிக்கத்தக்கது. அருகே இருந்த பெரிய நகரங்களை அது சூறையாடவில்லை. லப்பக் நகரத்தில் சில பத்துப் பேரைத் தொட்டது, அவ்வளவுதான். ஆனால் நூற்றுக்கணக்கான மைல் தெற்கே, மெக்ஸிகோவின் சிவாவா ராஜ்யத்தில், செமினோலில் உறவினர் வீட்டுக்கு வந்து திரும்பிய ஒரு சிறுவனோடு அது மெனொனைட் குடியேற்றங்களில் இறங்கிற்று. அங்கிருந்து, அவர்களுடைய தோட்டங்களில் கூலி வேலை செய்யும் ராராமுரி என்ற ஆதிவாசிகளிடம் பரவி, அந்த வருஷத்துக்குள் சிவாவாவில் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் அந்த ஏழை ஆதிவாசிகள். தடுப்பூசி வேண்டாம் என்று அவர்கள் மறுத்ததில்லை. மலைக்குடிசைகளுக்கு அது சரிவரப் போய்ச் சேரவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் ஊரில் சொல்வது இதற்குத்தான் தகும். டெக்ஸஸுக்கு முன்பே, 2024 அக்டோபரில், கானடாவில் தொடங்கிய வேறொரு பரவல் ஒண்டாரியோவிலும் ஆல்பர்ட்டாவிலும் இதே மாதிரியான சமூகங்களினூடே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அறாமல் ஓடிற்று. அதனால் 2025 நவம்பரில் அத்தேசம், தட்டம்மையை ஒழித்த தேசம் என்ற பட்டத்தை இழந்தது. தேசப்படத்தில் இந்த ஊர்கள் ஆயிரக்கணக்கான மைல் விலகியிருக்கின்றன. கலியாணமும் வழிபாடும் அறுவடை வேலையும் அவற்றை ஒரே தீவுக்கூட்டமாக்கியிருக்கின்றன. நடுவே கிடக்கும் கோடிக்கணக்கான தடுப்பூசி பெற்றவர்கள் வைரஸுக்குக் கடல் போலத்தான்.

சாதாரண அம்மைதானே, வந்து போனால் உடம்புக்கு நல்லதென்று வாதிக்கிறவர்களும் உண்டு. ஆயிரம் நோயாளிக் குழந்தைகளில் ஒன்றுக்கு மூளை வீக்கம் வருவதையும், ஒன்று முதல் மூன்று வரை மாள்வதையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அண்மையில் தெரிந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். 2013இல் நெதர்லாந்தில், சமய காரணத்தால் தடுப்பூசி மறுக்கும் புராட்டஸ்டண்டு சமூகத்தாரிடையே தட்டம்மை பரவியபோது, 77 குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஆராய்ந்தார்கள். பிற நோய்களை எதிர்க்க அதுவரை அந்த உடல்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில், குழந்தைக்குக் குழந்தை வேறுபட்டு, நூற்றுக்கு 11 பங்கு முதல் 73 பங்கு வரை அழிந்து போயிருந்தது. தட்டம்மை தனக்குரிய காப்பை விட்டுச் செல்லும்போது மற்றவற்றின் காப்பைக் கொள்ளையிட்டுப் போகிறது. இன்னும் கொடிய கதை, வந்து போனதாக எண்ணிய நோய் ஏழெட்டு வருஷம் கழித்து மூளையை அரிக்கத் தொடங்குவது. 2025 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் பள்ளி வயதுக் குழந்தை ஒன்று இவ்வாறு இறந்தது. தடுப்பூசி போடும் வயது வருவதற்கு முன், கைக்குழந்தையாக இருந்தபோது, அதற்குத் தட்டம்மை தொற்றியிருந்தது. அந்தக் குழந்தையின் பெற்றோர் ஏற்பதற்கோ மறுப்பதற்கோ அப்போது வேளையே வரவில்லை. சுற்றியிருப்பவர்களின் காப்பை நம்பியே முதல் வருஷத்தைக் கழிக்க வேண்டியவை எல்லாக் கைக்குழந்தைகளும்.

தீவு உண்டாவதற்குச் சமயமோ குலமோதான் காரணமாக வேண்டும் என்பதில்லை. வேல்ஸ் தேசத்து ஸ்வான்ஸீ நகரத்தில் அதை ஒரு பத்திரிகை உண்டாக்கிற்று என்று சொல்வது மிகையாகாது. 1997இல் அவ்வூர்த் தினசரி ஒன்று, தட்டம்மை உள்ளிட்ட மூன்று வியாதிகளுக்கான முத்தடுப்பூசியைப் பற்றிய பெற்றோரின் அச்சங்களைத் தொடர்ந்து பிரசுரித்தது. அடுத்த வருஷம், தடுப்பூசிக்கும் ஆட்டிஸத்துக்கும் சம்பந்தம் உண்டெனக் காட்ட முயன்ற ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை லான்ஸெட் சஞ்சிகையில் வந்தது. பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதிய அந்தக் கட்டுரையை 2010இல் சஞ்சிகை திரும்பப் பெற்றுக்கொண்டது. வேக்ஃபீல்டு வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் அந்தத் தினசரி விற்கும் எல்லைக்குள் தடுப்பூசி விகிதம் வேல்ஸின் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சரிந்துவிட்டது. சரிந்த வருஷங்களின் குழந்தைகள் வளர்ந்தார்கள். 2012 நவம்பரில் தட்டம்மை வந்தபோது அதற்கு அகப்பட்டவர்களில் மிகுதியானவர்கள் பத்து முதல் பதினெட்டு வயது வரையிலான பையன்களும் பெண்களுமே. ஆயிரத்திருநூறுக்குக் குறையாத நோயாளிகள், ஒரு மரணம். பதினைந்து வருஷத்துக்கு முன் செய்த அச்சுப் பிழையற்ற தவறு, வட்டியும் முதலுமாக வசூலாயிற்று.

பம்பாயின் கோவண்டிப் பகுதி வேறு மாதிரி. 2022 இறுதியில் அங்கே குழந்தைகள் இறந்ததற்கு, கோவிட் வருஷங்களில் விட்டுப்போன தவணைகளும், நெருக்கடியும், வறுமையும், ஊட்டக் குறைவும் முக்கிய காரணங்கள். ஒதுங்கிய மனோபாவத்தைக் குறை சொல்வதைக் காட்டிலும் அங்கே தடுப்பூசியின் பாதையைக் குறை சொல்வதே நியாயம். நம் தமிழ்நாட்டிலும் 2017இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளால் பல பள்ளிகளில் பெற்றோர் தயங்கினர் என்பது பலருக்கு நினைவிருக்கும். வதந்தி ராஜ்யம் முழுவதும் போயிற்று. தயக்கம் மட்டும் சில இடங்களில் கெட்டியாகப் படிந்தது.

ஒரு பரவல் தீர்ந்தபின் அந்த ஊர் தற்காலிகமாகப் பத்திரமாகிவிடுகிறது. நோய் கண்டவர்கள் அனைவரும் காப்புப் பெற்றவர்கள். ஆனால் வருஷந்தோறும் தொட்டில்கள் கட்டப்படுகின்றன. காப்பற்ற குழந்தைகள் ஒவ்வொருவராகச் சேர்ந்து, அடுத்த தச்சர் கப்பலிலிருந்து இறங்கும் நாளுக்குள் தீவு மறுபடி நிறைந்துவிடுகிறது. இதை நிறையவிடாமல் தடுக்க முடியும் என்பதற்குக் கலிபோர்னியா உதாரணம். 2014 டிசம்பரில் டிஸ்னிலாண்டு உல்லாசப் பூங்காவிலிருந்து தட்டம்மை பரவிய பிறகு, சொந்த நம்பிக்கையைக் காட்டி விலக்குப் பெறும் வழியை அந்த ராஜ்யம் 2015இல் சட்டம் செய்து அடைத்தது. சில வருஷங்களில் பாலர் வகுப்பு விகிதம் 95க்கு மேல் ஏறிற்று. மாற்றத்தில் ஒரு பங்கு உறுதியான மறுப்பாளர்களால் வந்திருக்க முடியாது. விலக்கு மனுவில் கையெழுத்திடுவது ஊசி போட அழைத்துப் போவதைக் காட்டிலும் சுலபமாக இருந்ததால் கையெழுத்திட்டவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

டெக்ஸஸில், நாற்பத்திரண்டு நாட்கள் புதிய நோயாளி ஒருவரும் வராததால், 2025 ஆகஸ்டு 18ஆம் தேதி பரவல் முடிவுற்றதாக அறிவித்தார்கள். சரியாகப் பதினான்கு நாட்கள் கழித்து, செப்டம்பர் 1ஆம் தேதி, அங்கே ஒரு புதிய சட்டம் அமலுக்கு வந்தது: அதுவரை சுகாதார இலாகாவுக்கு விண்ணப்பித்துத் தபாலில் வரவழைக்க வேண்டியிருந்த விலக்குப் படிவத்தை, இனி யாரும் வீட்டிலிருந்தபடியே கணினியில் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.